சீமாறும் ஆறுமணிக் குருவியும்

உக்காருங்க அம்மிணி. பெஞ்சுல அந்தக் கோடிக்குப் போகாதீங்க, மேல காக்கா கூடு இருக்குது, தலைல அபிஷேகம் பண்ணிப் போடும். இப்புடி எம்பக்கமா வாங்க. புதுசுங்களா? நெனைச்சேன். பச்சைத் தொப்பி இன்னும் மடிப்புக் கலையாம இருக்குதே! தமயந்தி குடுத்திருப்பா. இந்தப் பார்க்குல சேவை செய்ய யாரு வந்தாலும் ஒரு தொப்பி குடுப்பா, கூடவே ஒரு பாடமும் எடுப்பா. இலையக் கூட்டாதீங்க, கொம்ப ஒடிக்காதீங்க, சத்தம் போடாதீங்க. சொன்னாளா? அதைச் சொல்றப்ப என்ற பக்கம் ஒரு பார்வை பாத்திருப்பாளே? பாத்தாளா! எனக்குத் தெரியுமுங்க.

நான் அதிகம் பேசற ஆளு இல்லீங்க. கேட்டாச் சொல்லுவேன், கேக்காட்டி செவனேன்னு இருப்பேன். ஆனா நீங்க புதுசு. நாளைக்கே உங்ககிட்ட நாலு பேரு வந்து, ‘மயிலாத்தா அக்கா பண்ணுன கூத்துத் தெரியுமா’ன்னு ஆரம்பிப்பாங்க. கோயமுத்தூர்க்காரங்க லொள்ளு உங்களுக்குச் சொல்லவா வேணும். அதுக்கு முன்னால நடந்தத என்ற வாயாலயே கேட்டுக்கங்க.

எங்கூட்டுக்காரரு பேரு ஆறுச்சாமி. மில்லுல பிட்டரா இருந்தாரு. வருசக்கணக்கா மிசின் சத்தத்துக்குள்ளயே கெடந்த மனுசன், வேலைல இருந்து நின்னு வூட்டுல உக்காந்ததும் பேச்சே நின்னு போச்சுங்க. மொதல்ல, சரி, களைப்பா இருக்கும்னு உட்டுட்டேன். பொறகுதான் பயமாயிருச்சு. காலைல எந்திரிச்சாக் கட்டலு. காபி குடிச்சாக் கட்டலு. டிவி ஓடும், என்ன ஓடுதுன்னு கேட்டாத் தெரியாது. ‘ஏனுங்க, கொழம்புக்கு உப்புப் பத்துச்சுங்களா’ன்னா ‘ம்’. ‘பத்தலீங்களா’ன்னா அதுக்கும் ‘ம்’. ஓசூர்ல இருந்து மக போன் பண்ணுனா, பேசாம எங்கையில குடுத்துருவாரு.

நானும் பேச வெச்சுப் பாத்தேனுங்க. விடிஞ்சதுல இருந்து படுக்கற வரைக்கும் விடாமப் பேசுனேன். நடுவுல அந்த மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணோணுமா இல்லையா? தோணவே இல்லை. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா, ‘ஒடம்புல ஒண்ணுமில்லைங்கம்மா, வெளிய காத்தாடக் கூட்டிட்டுப் போங்க’ன்னுட்டாரு. அப்புடித்தான் இந்தப் பார்க்குக்கு வந்தோம். அவுர இந்தப் பெஞ்சுல உக்கார வெச்சேன். எனக்குச் சும்மா உக்காந்திருந்தாக் கையும் காலும் அரிக்கும். சுத்திப் பாத்தேன், பார்க்கு பூராவும் சருகு. பக்கத்து வூட்டு ராசாமணியையும் இன்னும் ரெண்டு பேரையும் சேத்துட்டு, சீமாறு எடுத்துட்டு வந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூட்ட ஆரம்பிச்சோம். தமயந்தி எல்லாம் அப்ப இந்தப் பக்கமே வரலீங்க. இந்தப் பார்க்குக்கு மொதல்ல சேவை செஞ்சது சீமாறுதான், பைனாக்குலர் இல்லை. இதை நீங்க மனசுல வெச்சுக்கோணும்.

அவ பொறகு வந்தா. பேங்குல வேலை, லீவுன்னாக் குருவி பாக்கப் பைனாக்குலரோட கெளம்பிருவா. நல்ல புள்ளதான், கொறை சொல்லக் கூடாது. வந்தவ சும்மா இருந்தாளா? அந்தப் பின்பக்கம் தெரியுது பாருங்க, மூங்கிலும் புங்கமரமும் பொதருமா, அதைச் சுத்திக் கயிறு கட்டி, பலகை ஒண்ணு நட்டுட்டா. இலைச் சருகை அள்ள வேண்டாமாமா! குப்பைக்குக் காவல் போட்டு நான் எங்கயும் பாத்ததில்லைங்க.

போயிக் கேட்டேன். ‘அக்கா, அது குப்பை இல்லீங்க, அதுக்கடில புழு பூச்சியெல்லாம் இருக்குது, அதைத் தின்னத்தான் குருவிக வரும்’னா. ‘அப்ப எங்கூட்டுக்கு ஒறம்பரை விருந்தாளின்னு வந்தா நானும் வாசலக் கூட்டாமப் போட்டு வெக்கறேன், வந்தவங்க கெளறித் தின்னுட்டுப் போகட்டும்’னேன். சிரிச்சுட்டே போயிட்டா. அவகூட ஓரியாட்டம் பண்ணிச் சண்டை புடிக்க முடியாதுங்க, எதைச் சொன்னாலும் சிரிப்பா. அதுதான் எனக்கு ஆகாது.

ஐப்பசி மாசம். மழை பேஞ்சு விட்டிருந்துது. நான் அடுப்படில சட்னி தாளிச்சுட்டு இருக்கறேன், பார்க்குக்குப் போயிட்டு வந்த மனுசன் வாசல்ல இருந்து, ‘ஏம்புள்ள, இங்க வா’ன்னாரு. கரண்டிய அப்புடியே போட்டுட்டு ஓடுனேன். நெஞ்சுவலின்னுதானுங்க நெனைச்சேன். பின்ன, இல்லாட்டி அந்த மனுசன் எதுக்கு என்னையக் கூப்புடறாரு? போயிப் பாத்தா, மூஞ்சி பூரா வெளிச்சம்.

‘ஒரு குருவி பாத்தேன் புள்ள. முதுகு பச்சை. ரெக்கைல நீலம். வாலுக்கடில நல்ல செகப்பு. கண்ணோரம் மை இழுத்து விட்ட மாதிரி கறுப்பு. வாலுதான் கட்டை. தத்தித் தத்தி வந்து, சருகை அலகுல கவ்வி அப்புடித் தூக்கி எறியுது, அடில இருக்கற புழுவப் புடிக்குது. இமயமலைப் பக்கத்துல இருந்து வருதாம், தமயந்தி சொன்னா. ஆறுமணிக் குருவின்னு பேராம். காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கூப்புடுமாம்.’

சட்னி கருகிப் போச்சு. போனாப் போகுதுன்னு நின்னு கேட்டேன். ஒரு வருசத்துக்கும் மேலா ‘ம்’முக்கு மேல ஒரு வார்த்தை வராத வாயிங்க அது. எனக்கு அழுகை வந்துருச்சு. அப்பறம் கோவமும் வந்துது. தீபாவளிக்கு நான் கட்டுன சேலை என்ன கலருன்னு கேட்டா அந்த மனுசனுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு குருவிக்கு வாலுக்கடில என்ன கலருங்கறது வரைக்கும் தெரியுது.

அன்னைல இருந்து ஆளே மாறிட்டாரு. நான் எந்திரிக்கறதுக்கு முந்தி எந்திரிச்சு, தானே காபி போட்டுக் குடிச்சுட்டுக் கெளம்பிருவாரு. வந்து கதை கதையாச் சொல்லுவாரு. இன்னைக்கு இத்தனை கிட்டத்துல வந்துது, இன்னைக்குப் பொதருக்குள்ளயே இருந்துருச்சுன்னு. ராசாமணி சும்மா இருப்பாளா? ‘ஏனுங்கக்கா, உங்களுக்குச் சக்களத்தி வந்துட்டாளாமா, அதும் வடக்க இருந்து’ன்னு சிரிக்கறா. எனக்கென்னங்க பொறாமை, அதும் ஒரு குருவி மேல? கடுகளவு கெடையாது. பச்சையும் நீலமும் செகப்பும்தானே? எம்பொட்டியத் தொறந்தா அதைக் காட்டிலும் நல்ல கலருல சேலை இருக்குது.

நானும் பாக்கோணும்னு ஒரு நாள் கூடப் போனேன். ‘பேசாம வரோணும்’னாரு. நான் என்னத்தப் பேசப் போறேன்? போற வழில பால்காரன் தண்ணி கலக்கறதப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன். கயிறு கிட்ட நின்னப்ப, கொசு கடிக்குதுன்னு சொன்னேன். அவ்வளவுதான். சர்ருனு போயிருச்சு. வாலு கூடத் தெரியலை. ரொம்ப ராங்கி புடிச்ச குருவிங்க அது, என்னையக் கண்டாலே ஆகாது. அதுக்கப்பறம் இவுரு என்னையக் கூட்டிட்டே போகலை.

இப்புடியே போயிட்டு இருந்துதுங்க. தை பொறந்து கொஞ்ச நாள்ல ஒரு சேதி வந்துது. பின்பக்கம் பூராவும் கல்லுப் பாவி, ஒடற்பயிற்சி மிசினெல்லாம் வெக்கப் போறாங்களாம். யாரோ மனு போட்டிருக்கறாங்க, அங்க ஒரே குப்பை, பாம்பு அடையுதுன்னு. எங்க பார்க்குல பாம்ப யாரு பாத்தா? ஓணான் ஒண்ணு உண்டு, அதும் வயசானது. எடத்தப் பாத்து அளக்க வார்டு ஆபீசுல இருந்து எஞ்சினியரு அம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி இவுரு ரெண்டு வாய் உண்டாரு, கையக் கழுவிட்டாரு. ‘ஏனுங்க, ரசம் வேணுமுங்களா’ன்னேன். ‘ம்’னாரு. வேணுங்கறாரா வேண்டாங்கறாரான்னு எனக்குத் தெரியலை. நேராப் போயிக் கட்டல்ல படுத்துட்டாரு. எனக்கு மறுபடியும் அந்தக் கட்டலா, மறுபடியும் அந்த ‘ம்’மான்னு ஆயிருச்சு. அந்தக் குருவி வந்தாலும் போனாலும் எனக்கு ஒண்ணுமில்லைங்க. இவுரு பேச்சு போயிரக் கூடாது. அதுக்காக நான் எதையும் செய்வேன்.

தமயந்தி ஒரு யோசனை பண்ணியிருந்தா. எஞ்சினியரம்மாவ ஞாயித்துக்கிழமை விடியால நேரமே வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கறா. குருவி சருகக் கெளறிட்டு வர்றத அவங்களே கண்ணால பாத்துட்டாக் கல்லுப் பாவ மனசு வராதில்ல, அதுக்கு. எல்லார்த்துக்கும் ஒரு வேலை பிரிச்சுக் குடுத்தா. எங்கிட்ட வந்து கையப் புடிச்சுட்டு, ‘அக்கா, நீங்க மட்டும் ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்’னா.

எப்புடிப் பேச்சு பாத்தீங்களா? பார்க்குக்கு மொதல்ல வந்தவ நான். எனக்கு வேலை இல்லையாமா!

வூட்டுல வந்து உக்காந்து யோசிச்சேன். மனு போட்டவன் என்ன போட்டிருக்கறான்? குப்பைன்னு. அப்ப குப்பை இல்லாட்டி மனு எங்க நிக்கும்? பேங்குல வேலை பாக்கற புள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியலையே! அதும் போக, ஆபீசுல இருந்து ஒருத்தங்க வர்றாங்கன்னா அவங்களும் ஒறம்பரைதானுங்க? ஒறம்பரை வர்ற எடத்தக் கூட்டாமப் போடறதுன்னு நம்ம ஊருல வழக்கம் உண்டா? கூட்டித் தெளிச்சுக் கோலம் போட்டாத்தானே வர்றவங்களுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை?

சனிக்கிழமை சாயங்காலம் தமயந்தி, எங்கூட்டுக்காரரு எல்லாரும் கல்லுப் பாவ வேண்டாம்னு வூடு வூடாக் கையெழுத்து வாங்கப் போயிட்டாங்க. இதுதான் சமயம்னு ராசாமணியக் கூப்புட்டேன். அவ கொஞ்சம் தயங்குனா. ‘அடி வாடீ, நல்ல காரியத்துக்கு எதுக்கு ரோசனை’ன்னு இழுத்துட்டுப் போனேன். கயித்த அவுத்துச் சுருட்டி வெச்சோம். மூங்கிலுக்கடில, பொதருக்கடில, ஒரு எடம் பாக்கி இல்லாமக் கூட்டுனோம். எத்தனை நாள் சருகுங்க அது! மட்கி, அடில கறுகறுன்னு, புழுவா நெளியுது, உவ்வே. அத்தனையும் அள்ளிக் கொண்டு போயித் தண்ணித் தொட்டிக்கிட்ட மலையாக் குமிச்சோம். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். நடு மத்தில பெரிய கோலம், சுத்தி வளைச்சுச் செம்மண் காவி. முடிச்சு நிமுந்து பாத்தா, கண்ணு நெறைஞ்சு போச்சு. மாரியாத்தா கோயில் வாசல் தோத்துப் போகும். அவுரு நாளைக்கு வந்து பாத்து, ‘ஏம்புள்ள, நீயா செஞ்ச’ன்னு கேப்பாருன்னு நெனைச்சுட்டே வூட்டுக்கு வந்தேன். சொல்லலை. விடியட்டும்னு இருந்துட்டேன்.

விடிஞ்சுது. எல்லாரும் பூனையாட்டம் அடி மேல அடி வெச்சுப் போறாங்க. முன்னால எஞ்சினியரம்மா, நல்ல களையான மூஞ்சி, கையில டேப்பு. பக்கத்துல தமயந்தி. பொறத்தாண்ட இவுரு. நான் கடைசில, சிரிப்ப அடக்கிட்டுப் போறேன்.

போயி நின்னாங்க.

எஞ்சினியரம்மாதான் மொதல்ல பேசுனாங்க. ‘அடேங்கப்பா, எடத்தச் சுத்தம் பண்ணியே குடுத்துட்டீங்களே! நாளைக்கே கல்லு எறக்கிரலாம் போல இருக்குது’ன்னாங்க. நான் பெருமையாத் தமயந்தியப் பாத்தேன். அவ தொப்பியக் கழட்டி மூஞ்சிய மூடிட்டு அப்புடியே தரைல உக்காந்துட்டா. எஞ்சினியரம்மா சொன்னதுல பாதிதான் எனக்கு அப்ப மண்டைல ஏறுச்சுங்க, சுத்தம்ங்கறது மட்டும். கல்லுங்கறது செத்த நேரங் கழிச்சுத்தான் ஏறுச்சு.

குருவி வரலை. ஒரு சத்தமும் இல்லை. வெயிலே வந்துருச்சு. அந்தம்மா டேப்பப் பிரிச்சுட்டாங்க.

இவுரு எங்கன்னு திரும்பிப் பாத்தா, தொட்டிக்கிட்ட நிக்கறாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, அந்தச் சருகுக் குமில ரெண்டு கையும் உட்டு, நெஞ்சோட அணைச்சு அள்ளிட்டு வர்றாரு. வெள்ளைச் சட்டைங்க, போன பொங்கலுக்கு எடுத்தது. வந்து நேரா என்ற கோலத்து மேல கொட்டுனாரு. திரும்பிப் போனாரு. அடுத்த கை அள்ளுனாரு. ‘ஏனுங்க, என்ன பண்றீங்க, கோலமுங்க!’ன்னு கத்தறேன். காதுலயே வாங்கலை. கொட்டறாரு, போறாரு, அள்ளறாரு. முழங்காலு வலிக்கு மாத்திரை திங்கற மனுசன். மூச்சு இரைக்குது, தலை பூரா சருகு. என்னையத் தாண்டிப் போறப்ப மூஞ்சியப் பாத்தேன். கண்ணுல தண்ணி நிக்குதுங்க. மகளக் கட்டிக் குடுத்து அனுப்புன அன்னைக்குக் கூட அழுகாத ஆளு.

எனக்குப் பொக்குனு போயிருச்சு.

தப்புப் பண்ணிட்டேன்னு இல்லீங்க. நான் செஞ்சதுல தப்பு ஒண்ணுமில்லை. வயசான காலத்துல பாரம் தூக்குனா ஆகுமா? அதுக்காகத்தான் கூடைய எடுத்தேன். ‘தள்ளுங்க அக்கட்டால, அள்ளறதப் பாரு, ஒழுங்கா அள்ளக் கூடத் தெரியலை’ன்னு வெஞ்சுட்டே நானும் கூடை கூடையாக் கொண்டு போயிக் கொட்டுனேன். ராசாமணியும் வந்தா. நேத்துக் கூட்டுன அதே கையால, அதே சருகு. கோலம் போயே போச்சு.

எஞ்சினியரம்மா பாத்துட்டே இருந்துட்டு, ‘என்னங்கம்மா இது, அந்தப் பெரியவரு என்ன பண்றாரு’ன்னாங்க. கேட்டாச் சொல்ற ஆளுதானே நானு. சொன்னேன். ‘இவுரு எங்கூட்டுக்காரருங்க. வேலை நின்னதுல இருந்து பேச்சே இல்லீங்க. நான் எத்தனையோ பண்ணிப் பாத்தேன், மக பண்ணிப் பாத்தா, ஆகலை. இந்தக் குப்பைல ஒரு குருவி வந்துதுங்க, அதைப் பாத்துட்டு வந்து பேசுனாரு. நீங்க இங்க கல்லப் போட்டீங்கன்னா, அது அவுரு வாயில போட்ட கல்லுங்க. மிசினு எனக்கெதுக்கு? எனக்கு எம்புருசன் பேசோணும்.’

இத்தனை பேரு முன்னால ‘எம்புருசன்’னு சொல்லிப் போட்டேன். வெக்கமாப் போச்சு.

அந்தம்மா இவுருகிட்டப் போயி, ‘ஏனுங்கய்யா, அந்தக் குருவி எப்புடி இருக்கும்’னு கேட்டாங்க. இவுரு கையில இருந்த சருகக் கீழ போட்டாரு. மூச்சு வாங்கிட்டே, முதுகு பச்சைங்கன்னு ஆரம்பிச்சாரு. ரெக்கை, கண்ணு, வாலு, அது தத்தறது, சருகத் தூக்கி எறியறது, எல்லாத்தயும் சொன்னாரு. தத்திக் கூடக் காட்டுனாருங்க, அந்த முழங்கால வெச்சுட்டு! அந்தம்மா கேட்டுட்டே டேப்பச் சுருட்டிட்டாங்க.

மிசினெல்லாம் இப்ப எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க, வாசலுக்குப் பக்கத்துல. இடுப்பச் சுத்தற மிசினு ஒண்ணு இருக்குது, நல்லாத்தான் இருக்குது, நான் தினமும் சுத்தறேன். எல்லாம் ஆறுச்சாமியண்ணன் சருகு அள்ளுனதாலதான் ஆச்சுன்னு தமயந்தி சொல்லிட்டுத் திரியறா. நான் கூட்டிக் குமிக்காட்டி அவுரு எதை அள்ளியிருப்பாரு? அதை ஒருத்தியும் யோசிக்க மாட்டேங்கறா. ஊரு ஒலகத்துல நல்லது செஞ்சவங்களுக்குப் பேரு வராதுங்க.

நாலஞ்சு நாள்ல குருவி திரும்பி வந்துது. இவுருதான் பாத்தாரு. நான் பாக்கலை. இன்னைக்கு வரைக்கும் பாக்கலீங்க. சத்தம் மட்டும் கேட்டிருக்கறேன். இழுத்து ஒரு விசிலு, அப்பறம் எறங்கி ஒரு விசிலு.

சித்திரை வெயில் ஏறுனதும் அது வடக்க போயிருச்சு. இனி ஐப்பசிக்குத்தானாமா. இவுரு ஒரு நாள் போயிட்டு வந்தாரு, ரெண்டு நாள் போயிட்டு வந்தாரு, அப்பறம் கட்டல்ல உக்காந்து சொவத்தப் பாத்தாரு. ‘ஏனுங்க, காபி சூடு போதுமுங்களா’ன்னேன். ‘ம்’னாரு.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. அடுப்படில நின்னுட்டு மணியப் பாத்தேன், ஆறு. பொம்பளை விசிலடிச்சா வூட்டுக்கு ஆகாதுன்னு எங்கம்மா சூடு வெப்பா. அடிச்சேனுங்க. உதட்டக் குமிச்சுட்டு, ஒரு இழுப்பு, ஒரு எறக்கம். காத்துத்தான் வந்துது. மறுபடியும் அடிச்சேன். ஏதோ பிரசர் குக்கரு ஆவி போற மாதிரி ஒரு சத்தம்.

கட்டலு கிரீச்சுங்குது. ‘அப்புடி இல்ல புள்ள. மொதல்ல நல்லா இழுக்கோணும். கடைசில சட்டுனு எறக்கோணும்’னு அங்க இருந்தே சொல்றாரு. ‘தெரிஞ்சா நீங்களே அடிங்க’ன்னேன். அடிச்சாரு. நான் அடிச்சேன். அது தப்புன்னாரு. ராத்திரி சோறு உங்கற வரைக்கும் அதே சண்டைதான்.

அப்பறம் தினமும் சாயங்காலம் அடிக்கறேன். குருவிக்காக ஒண்ணுமில்லைங்க, அதைப் பத்தி எனக்கென்ன? அவுருக்கு ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். இன்னும் ஒழுங்கா வரலைங்கறாரு.

நேத்து வெங்காயம் வதக்கற மும்முரத்துல மறந்தே போயிட்டேன். ஆறு தாண்டிருச்சு. திரும்பிப் பாக்கறேன், அடுப்படி வாசல்ல வந்து நிக்கறாரு. எங்களுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து அந்த மனுசன் என்னையத் தேடிட்டு அடுப்படிக்கு வந்ததே இல்லைங்க. நெலைப்படியப் புடிச்சுட்டு நின்னு, ‘ஏம்புள்ள, இன்னைக்குக் குருவி வரலையா’ன்னு கேக்கறாரு.